சுவர் பிளக்கிலிருந்து நாற்காலி வரை: முதல் கேமிங் கம்ப்யூட்டர் கட்டும் தம்பி தங்கைகளுக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் இளவட்டங்களின் கூட்டம் கூடிவிடும். கையில் யூடியூப் பார்த்து எழுதிய பட்டியல், பக்கத்தில் அப்பாவோ மாமாவோ. பணம் பெரும்பாலும் சீட்டு எடுத்த பணமாக இருக்கும். இல்லாவிட்டால் முதல் வேலையில் சேர்ந்து மாதாமாதம் எடுத்து வைத்ததாக இருக்கும். பென்டியம் வந்த காலத்திலிருந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துவருகிற எனக்கு, அந்தப் பட்டியலில் இல்லாதவைதான் முதலில் கண்ணில் படும். கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் மாடல் எண்ணோடு முழுசாக இருக்கும். டவருக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் "ஏதாவது 500 வாட்" என்று இருக்கும். யுபிஎஸ், எர்த், மேசை, நாற்காலி பற்றி ஒரு வரிகூட இருக்காது. நீங்கள் தினமும் நான்கு மணி நேரம் உட்காரப்போகிற இடம் முழுவதற்கும்தான் அந்தப் பணம். சுவரில் இருக்கும் பிளக்கில் தொடங்கி நாற்காலி வரைக்கும் அதைப் பிரியுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

1. பாகங்களை எழுதும் முன் விளையாட்டுகளை எழுதுங்கள்.

எந்த ஆட்டம், எந்த அளவு திரையில், என்ன வேகத்தில் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி ஆட்டங்களில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வரும் என்பதைப் பெரும்பாலும் ப்ராசசர்தான் தீர்மானிக்கும். சைபர்பங்க் 2077 போன்ற கதை ஆட்டங்கள் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் பிழிந்தெடுக்கும். வாலரன்ட் மட்டும் ஆடுகிறவர் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். அப்படிப்பட்டவர் ரைசன் 5 5600ஜி, 8600ஜி மாதிரி கிராஃபிக்ஸ் உள்ளேயே அமைந்த ப்ராசசரோடு தொடங்கலாம். குறைந்த செட்டிங்கில் அந்த ஆட்டங்கள் நன்றாகவே ஓடும். கார்டை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம். வீடியோ எடிட்டிங், பொறியியல் மென்பொருள் என்று படிப்பு வேலையும் இருந்தால் அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

2. மொத்தத் தொகையை முதலில் பிரியுங்கள். பாகங்களின் பெயர் அப்புறம்.

கையில் ஒரு லட்சம் இருந்தால் நான் பிரிக்கும் கணக்கு இது. டவருக்கு 60,000. மானிட்டருக்கு 10,000. யுபிஎஸ்ஸுக்கு 5,000. மேசைக்கு 6,000, நாற்காலிக்கு 7,000. கீபோர்டு, மவுஸ், ஹெட்ஃபோன் மூன்றுக்கும் சேர்த்து 4,000. எலெக்ட்ரீஷியனுக்கும் வயருக்கும் 2,000. மீதி 6,000 கையிருப்பு, அதைத் தொடக்கூடாது. விண்டோஸ் உரிமம் புதிதாக வாங்க வேண்டுமென்றால் அந்தக் கையிருப்பு போதாது, டவரிலிருந்துதான் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும். அதை இப்போதே முடிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடைக்காரர் சொல்லும் விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்காமல் கூட்டல் போடாதீர்கள்.

டவருக்கான 60,000த்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். அதற்கு மேல் போனால் வேறு ஏதோ ஒன்றின் தரத்தைக் குறைத்துத்தான் அந்தப் பணம் வரும். அப்படிக் குறைக்கப்படுவது எப்போதும் எஸ்எம்பிஎஸ்ஸாக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

3. கடைக்குப் போகும் முன் வீட்டு பிளக்கைச் சோதியுங்கள்.

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று ஷாக் அடிக்கிறது என்று பலர் வருவார்கள். பழுது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத பிளக்கில் கேபினெட்டின் உலோகம் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கையில் சுருக்கென்றுதான் தெரியும். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் மானிட்டரின் போர்ட்டோ கார்டின் போர்ட்டோ போய்விடலாம்.

தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழைத்து, கம்ப்யூட்டர் வைக்கப்போகும் பிளக்கில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருகிற அளவே கிட்டத்தட்ட அங்கும் வர வேண்டும். எர்த் இல்லையென்றால் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட்டில் முழு மின்சாரமும் ஏறும், உயிருக்கே ஆபத்து. வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் பேசி மெயின் போர்டிலிருந்து எர்த் வயர் இழுத்துக்கொள்ளுங்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்து இரண்டு ஓட்டையில் சொருகுவதும் கூடாது.

4. எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டவருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. இது கெட்டால் தனியாகப் போகாது. மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும். கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸை கேமிங் டவருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நல்லதைக் கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும்: 45ஐ 12ஆல் பெருக்கினால் 540 வாட். வெளியே 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் மலிவான பெட்டியில் அதே வரிசையில் 17 ஆம்பியர் என்று இருந்தால், உண்மையில் கிடைப்பது 200 வாட் சொச்சம்தான். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 3.3, 5 வோல்ட் வரிசைகளைக் கூட்டிக் காட்டுகிற வாட் கணக்கு உங்களுக்கு உதவாது.

கிராமத்திலோ டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவிலோ இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதே அட்டவணையில் இன்புட் என்ற இடத்தில் சிலவற்றில் 100–240 வோல்ட் என்றும், சிலவற்றில் 200–240 என்றும் இருக்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்குகிற வீட்டில் இரண்டாவது வகை அடிக்கடி அணைந்துபோகும். 80 பிளஸ் ப்ரான்ஸ் முத்திரை, ஐந்து வருட வாரண்டி, 550 வாட்: இப்போதைய நடுத்தரக் கார்டுகளுக்கு இது தாராளம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை அடுத்த டவருக்கும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

5. யுபிஎஸ் வாங்கும்போது விஏவை வாட் என்று நினைக்காதீர்கள்.

600 விஏ என்று எழுதியிருக்கும் பல மாடல்களில் கிடைப்பது 360 வாட்தான். ஆடிக்கொண்டிருக்கும்போது மானிட்டரோடு சேர்த்து 300 வாட் இழுக்கிற கம்ப்யூட்டருக்கு அது விளிம்பில் நிற்கும். கார்டு ஒரு நொடி துள்ளினாலும் யுபிஎஸ் கத்திக்கொண்டே அணையும். முடிந்தால் 1,000 விஏ வாங்குங்கள். கரன்ட் போனதும் ஆட்டத்தை சேவ் செய்து அணைக்கும் நேரம் கிடைத்தால் போதும், தொடர்ந்து ஆடுவதற்கு அது இல்லை. நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். மாற்று பேட்டரி எளிதில் கிடைக்கிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

6. கிராஃபிக்ஸ் கார்டின் பெயரை வாங்காதீர்கள், உங்கள் மானிட்டருக்குத் தேவையானதை வாங்குங்கள்.

1080பி திரையில் இருப்பது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பியில் 36.9 லட்சம். அதாவது முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல் வேலை. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது 24 அங்குல 1080பியில் நிற்பதுதான் என் சிபாரிசு. அதற்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 வரிசையில் உள்ளவை போதும். இதில் ஆர்டிஎக்ஸ் 4060 குடிப்பது 115 வாட், ஆர்எக்ஸ் 6600 குடிப்பது 132, ஆர்எக்ஸ் 7600 குடிப்பது 165. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இந்த வித்தியாசம் உங்கள் உடம்பிலேயே தெரியும்.

கார்டின் நினைவகம் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். 2023இல் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 போன்ற ஆட்டங்கள் 8 ஜிபியையே திணறடித்தன. படத்தின் நுணுக்கத்தை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும், ஆனால் 4 ஜிபி கார்டில் குறைக்க இடமே இருக்காது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகள் மதர்போர்டோடு நான்கு தடங்களில் மட்டும் பேசுகின்றன. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் வேகம் நன்றாகவே விழும். விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. ப்ராசசரும் மதர்போர்டும் ஒரே முடிவு.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2024லும் அதற்குப் புதிய ப்ராசசர் வெளியானது. அந்தப் போர்டை ஆரம்பத்தில் வாங்கியவர்கள் பயாஸை அப்டேட் செய்துகொண்டு ப்ராசசரை மட்டும் மாற்றிப் பல வருடம் ஓட்டினார்கள். 2022இல் வந்த ஏஎம்5க்கும் அப்படி நீண்ட ஆயுள் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது, ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ராம் விலை மளமளவென்று ஏறியது. ஆகவே இந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் வாரத்து விலையை வைத்துத்தான் போட வேண்டும். கையில் இறுக்கம் என்றால் ரைசன் 5 5600, பி550 போர்டு. ஒருமுறை கூடுதலாகச் செலவழித்து நான்கைந்து வருடம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்ற நினைத்தால் ரைசன் 5 7600, பி650 போர்டு. இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப் இன்னும் உருப்படியானது. பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

8. ராம் இரண்டு குச்சிகளாக.

16 ஜிபி வேண்டுமென்றால் எட்டும் எட்டும். ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் ப்ராசசர் பாதி வழியில்தான் ராமோடு பேசும். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்குங்கள். இதைச் செய்யாமல், காசு கொடுத்த வேகத்தைத் தொடாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க் இப்போதைக்கு வேண்டாம்.

9. கேபினெட்டை வெயிலை நினைத்து வாங்குங்கள்.

விமர்சன வீடியோக்களில் காட்டும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி உள்ள அறையில் எடுத்தவை. மே மாதம் சென்னையிலோ வேலூரிலோ திருச்சியிலோ உங்கள் அறை 36 டிகிரி இருக்கும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ உள்ளே இருக்கும் சிப்பும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். அங்கே 72 காட்டியது இங்கே 84க்குப் போகும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் பார்க்க அழகாக இருக்கும், காற்று நுழைய வழி இருக்காது. முன்பக்கம் வலை, முன்னால் இரண்டு விசிறி உள்ளே தள்ள, பின்னால் ஒன்று வெளியே தள்ள: இது போதும். வண்ண விளக்குக்கு ஒதுக்கிய பணத்தை முன்விசிறிக்குக் கொடுங்கள். உள்ளே தள்ளும் காற்று கொஞ்சம் அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும், நுழைகிற வழியில் வடிகட்டி இருந்தால்.

டவரைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். வீடு துடைக்கும் தண்ணீர், பெருக்கும்போது எழும் தூசி இரண்டும் முதலில் எஸ்எம்பிஎஸ் விசிறிக்குத்தான் போகும். ஒரு அடி உயர ஸ்டாண்டு அடித்து அதன் மேல் வையுங்கள். பின்பக்கம் கழற்றிய தகட்டு மூடிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஓட்டைகள் வழியாகப் பல்லி உள்ளே போய் மதர்போர்டில் ஷார்ட் ஆகிச் செத்துக் கிடந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பல்லியும் போகும், போர்டும் போகும், பூச்சியால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடைக்காது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். ஜன்னலுக்கு நேரே டவரை வைக்காமல் உள்சுவர் பக்கம் வையுங்கள்.

10. மானிட்டர் உங்களோடு இரண்டு டவர் காலம் இருக்கும்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி நொடி; 144 ஹெர்ட்ஸில் 6.9. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வித்தியாசம் இது. 24 அங்குல ஐபிஎஸ் திரை, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், உயரத்தை ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு. அப்படிப்பட்ட ஸ்டாண்டு இல்லாத மாடல் மலிவாகக் கிடைத்தால் பின்னால் விஇஎஸ்ஏ துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு மானிட்டரைத் தாங்கும் கை ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். 27 அங்குலத்தில் 1080பி வாங்க வேண்டாம், எழுத்துகள் பிசிறு தட்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு அது கண்வலி.

வயரை மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். விண்டோஸ் செட்டிங்கில் போய் 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெரும்பாலும் அது 60இலேயே நின்றிருக்கும்.

11. மேசைக்கு உங்கள் உடம்பின் அளவை எடுங்கள்.

கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். நம்மில் ஐந்தடி மூன்று, ஐந்தடி ஐந்து உயரம் உள்ளவர்களுக்கு அது அதிகம். தோள் தூக்கியபடியே மவுஸ் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு வருடத்தில் கழுத்தும் மணிக்கட்டும் பேச ஆரம்பிக்கும். நாற்காலியில் பாதம் முழுதாகத் தரையில் பதிய உட்காருங்கள். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கைக்கு எவ்வளவு என்று தங்கையோ அண்ணனோ அளக்கட்டும். அதுதான் உங்கள் மேசையின் உயரம். பலருக்கு 65 முதல் 70 சென்டிமீட்டருக்குள் வரும்.

இப்படி அளவு சொல்லிச் செய்ய நம் ஊர்த் தச்சரைவிட நல்ல வழி இல்லை. பிளைவுட் எட்டுக்கு நாலு அடி ஷீட்டாக வரும். அதில் 19 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்கு மேல்பலகை வெட்டினால், மீதியில் டவர் ஸ்டாண்டும் மானிட்டருக்கு அடியில் வைக்கும் சின்னப் பலகையும் வரும். ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் ரகம் என்று கேளுங்கள், அதற்கு ஐஎஸ் 303 முத்திரை இருக்கும். பெட்டியில் வந்து நாமே மாட்டிக்கொள்ளும் மேசைகளில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு. ஓரத்தில் ஒட்டிய பட்டை பிரிந்தால் நம் மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து உப்பிவிடும், திருகாணி பிடிக்காது. இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ஒரு ஃப்ளஷ் டோரை வாங்கி வெட்டி, வெல்டிங் பட்டறையில் இரும்புக் கால் அடித்து மேலே வையுங்கள். பெயின்ட் அடித்துவிட்டால் உறுதியான மேசை. ஐந்தடி நீளத்துக்கு நடுவில் தொய்வு விழாமல் இருக்க அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் கட்டாயம் வேண்டும்.

அகலம் இரண்டடிக்குக் குறையக்கூடாது. திரை கண்ணிலிருந்து ஒரு கை தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க அந்த ஆழம் தேவை. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், பக்கவாட்டில் இருக்கும்படி போடுங்கள்.

நாற்காலிக்கு ஒதுக்கிய 7,000த்தை ரேஸ் கார் வடிவ நாற்காலியில் போடாதீர்கள். அந்த விலையில் வருபவற்றின் ரெக்சின் வேர்வையில் ஒட்டும், ஒன்றிரண்டு வருடத்தில் உரியும். முதுகுப்பக்கம் வலை போட்ட அலுவலக நாற்காலி நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. அலுவலகங்கள் காலி செய்யும்போது விற்கிற பழைய நாற்காலிகள் புதிய மலிவு நாற்காலியைவிட எத்தனையோ மேல். சென்னையில் இருப்பவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடலாம். உட்கார்ந்து ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். தானாக இறங்கினால் சிலிண்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

12. செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் தொழில் அன்றோடு நின்றது, தோண்டிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை அல்ல. விசிறி ஆடாமல் சுற்றுகிறதா, ஒரு மணி நேரம் ஆட்டம் ஓடும்போது திரையில் புள்ளிகள் வருகின்றனவா என்று விற்கிறவர் வீட்டிலேயே பாருங்கள். ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் பழைய சிப்புக்குப் புதிய பெயர் எழுதிய போலிக் கார்டுகளைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது முழுமையான ஆர்எக்ஸ் 580 அல்ல. அதில் ஸ்ட்ரீம் ப்ராசசர்களின் எண்ணிக்கை 2,304க்குப் பதில் 2,048தான்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் ஐ7, ஐ9 ப்ராசசர்களைப் பழையதாக வாங்க வேண்டாம். அதிக வோல்டேஜால் அவற்றில் பல தளர்ந்துபோயின. 2024இல் வந்த திருத்தம் ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யாது. எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள். கேபினெட், மானிட்டர், ராம், ஏஎம்4 ப்ராசசர் பழையதாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

பணம் முப்பதாயிரம்தான் என்றால் அலுவலகங்களிலிருந்து வரும் பழைய டெஸ்க்டாப் ஒன்றை எடுத்து, தனி மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 கார்டைச் சேர்க்கலாம். சின்ன உடம்பு கேபினெட்டாக இருந்தால் அரை உயரக் கார்டுதான் நுழையும். இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்: விண்டோஸ் 11 அதற்கு முந்தையவற்றை ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

13. கொட்டேஷன் எழுத்தில், பில் உங்கள் பெயரில்.

மூன்று கடையில் முழு மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். வாங்கிய அன்றே பணம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து ஆன்லைன் விலையோடு ஒப்பிடுங்கள். "அது ஸ்டாக் இல்லை, இது அதைவிட நல்லது" என்று வேறு மாடலை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மாற்றுப் பொருளை நீங்கள் படித்துப் பார்த்த பிறகுதான் முடிவு. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் அந்தக் குறைவு உங்கள் வாரண்டியின் விலை. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். சில கடைகள் தரும் பில் வெப்பத்தாள். ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள். ப்ராசசர் பெட்டியையும் கார்டு பெட்டியையும் பரணில் போட்டு வையுங்கள்.

எல்லாப் பாகங்களையும் ஒரே வாரத்தில் வாங்குவது நல்லது. ஜனவரியில் கார்டு, மே மாதம் மதர்போர்டு என்று வாங்கினால், கார்டில் குறை இருந்து கண்டுபிடிக்கும்போது மாற்றிக் கொடுக்கும் நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

14. நீங்களே மாட்டுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மதர்போர்டோடு வந்த கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசசரில் ஒரு மூலையில் இருக்கும் முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். தானாக உட்காரும்; அழுத்தவே கூடாது. முள் சாக்கெட்டில் இருக்கும் போர்டுகளில் ஒரு முள் வளைந்தாலும் வாரண்டி போகும். கேபினெட்டுக்குள் இறக்கும் முன், மதர்போர்டை அட்டைப் பெட்டியின் மேல் வைத்து ப்ராசசர், அதன் கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் மட்டும் இணைத்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எஃப் வகை ப்ராசசர், ரைசன் 5 5600 என்றால் கார்டும் வேண்டும். திரையில் எழுத்து வந்துவிட்டால் மீதி எல்லாம் பொறுமைதான். கடையில் அசெம்பிள் செய்து வாங்கினாலும் கூடவே நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் கேள்வி கேட்கிற பிள்ளையை விரும்புவார்.

15. திருட்டு விண்டோஸ் வேண்டாம்.

கிராக் என்று வருபவற்றோடு பாஸ்வேர்டு திருடும் நிரல்களும் வருகின்றன, அதே கம்ப்யூட்டரில்தான் அப்பா வங்கிக் கணக்கு பார்ப்பார். பணம் இல்லையென்றால் லினக்ஸ் போடுங்கள். ஸ்டீமில் உள்ள ஆட்டங்களில் பெரும்பகுதி புரோட்டான் வழியாக அதில் ஓடும். வாலரன்ட் ஓடாது, அதன் காவல் மென்பொருளுக்கு விண்டோஸ்தான் வேண்டும். ஆகவே முதலில் எழுதிய தாளை மறுபடி பாருங்கள்.

16. மின்கட்டணத்தை வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

300 வாட், தினம் 4 மணி நேரம், 60 நாள்: 72 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். உங்கள் வீடு ஏற்கெனவே 450இல் நிற்கிறதென்றால் உங்கள் கம்ப்யூட்டர்தான் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கும். ஆட்டத்துக்குள் ஃப்ரேமை மானிட்டரின் வேகத்துக்கு மட்டுப்படுத்துங்கள். அப்போது கார்டு தேவையில்லாமல் 300 ஃப்ரேம் வரைந்து மின்சாரத்தை வீணாக்கி அறையைச் சூடாக்காது.

17. முதல் வாரம் முழுக்கச் சோதனை வாரம்.

கார்டை ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். ராமுக்கு மெம்டெஸ்ட் ஒரு இரவு முழுக்க. யுஎஸ்பி போர்ட் ஒவ்வொன்றிலும் பென் டிரைவ் செருகிப் பாருங்கள். மானிட்டரில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களை நிரப்பிச் செத்த புள்ளி தேடுங்கள். கரன்ட் இருக்கும்போதே யுபிஎஸ்ஸின் சுவர் பிளக்கை அணைத்து, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் அது தாங்குகிறதா என்று பாருங்கள். ஏதாவது குறை தெரிந்தால் மறுநாளே பில்லோடு கடைக்குப் போங்கள். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை, வெயில் ஏறும் முன் மார்ச்சிலும், மழை ஓய்ந்ததும் ஜனவரியிலும், பக்கத் தகட்டைத் திறந்து, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் தூசி தட்டுங்கள்.